சத்துக் குப்பி வியாபாரமும் உழைப்பாளியின் இருதயமும்

ஆலை வாசலிலே, பஸ் நிலையத்திலே, மருந்துக் கடையிலே, கைபேசித் திரையிலே, எங்கு பார்த்தாலும் இன்று ஒரே கூவல்: "இருதயத்தைக் காக்க இந்தக் குப்பியை வாங்குங்கள்!" மீன் எண்ணெய் மாத்திரை ஒரு பக்கம். ஈ வைட்டமின் மாத்திரை ஒரு பக்கம். உலகத்துச் சத்து எல்லாம் ஒரே உருண்டைக்குள் அடக்கம் என்று மார்தட்டும் மாத்திரை இன்னொரு பக்கம். குப்பியின் மேல் சிவப்பாக ஒரு இருதயப் படம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆசாமி ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

யார் வாங்குகிறார்கள்? கூட வேலை செய்தவர் 45 வயதில் மாரடைப்பில் சாய்ந்தார் என்று கேட்டுப் பயந்துபோன நூற்பாலைத் தொழிலாளி வாங்குகிறார். நடவுக்கும் அறுப்புக்கும் போய் மூச்சு வாங்கத் திரும்பும் தகப்பனாருக்காக, கடன் வாங்கியாவது அவருடைய மகன் வாங்குகிறான். அவர்களுடைய பயம் நியாயமானது. மாரடைப்பு பணக்காரன் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். லண்டன் சர்க்கார் அலுவலகங்களில் 17,000 ஆண் ஊழியர்களுக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தார்கள். மாரடைப்பில் அதிகம் செத்தவர்கள் மேலதிகாரிகள் அல்ல. அடிமட்டத்தில் ஏவல் வேலை செய்தவர்கள் மேலதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் செத்தார்கள் என்று 1978ல் வந்த அறிக்கை காட்டியது.

ஆகவே, பயம் நியாயம். அந்தப் பயத்தைக் காசாக்குவதுதான் அநியாயம்.

சத்து இல்லாவிட்டால் இருதயம் கெடும் என்பது உண்மை. சத்துக் குறைவு இல்லாத உடம்பில் குப்பிச் சத்தைக் கொட்டினால் இருதயம் பலப்படும் என்பது பொய். பால்காரன் தண்ணீர் கலப்பது போல, இந்த உண்மையில் அந்தப் பொய்யைக் கலந்து விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

புழுங்கலரிசி காத்த இருதயம்

முதலில் உண்மையை எடுத்துக்கொள்வோம்.

பெரிபெரி என்று ஒரு நோய். காலில் நீர் கோர்க்கும். மூச்சு வாங்கும். இருதயம் வீங்கிப் பெருக்கும். நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவன் இன்று சாய்ந்துவிடுவான். 19ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலேயாவின் தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே மலேயாவில், அதே காலத்தில், தோட்டங்களில் ரத்தம் சிந்திய நம் தமிழ்த் தொழிலாளர்களை இந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. அவர்கள் என்ன சொர்க்கத்திலா வாழ்ந்தார்கள்? மலேரியாவிலும் வயிற்றுக் கடுப்பிலும் அவர்களும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெரிபெரியிலிருந்து மட்டும் ஏன் தப்பினார்கள்?

நெகிரி செம்பிலானில் டாக்டராக இருந்த பிராடன் என்பவர் 1907ல் ஒரு புத்தகம் எழுதினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. வேறுபாடு அரிசியில் இருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்பே, 1905ல், கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் செத்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். விடையும் அதேதான். நோயாளியையும் ஒப்பந்தக் கூலியையும் சோதனை எலியாக்கிய வெள்ளைக்காரன் ஆட்சியின் கொடுமையை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதர்கள் தங்கள் உயிரைக் கொடுத்து நிரூபித்த உண்மையையும் மறந்துவிடக் கூடாது.

அந்த உண்மை என்ன? தவிட்டில் தயமின் என்கிற பி-1 வைட்டமின் இருக்கிறது. இருதயம் இரவு பகல் ஓயாமல் ஷிப்டு பார்க்கும் தசை. சோற்றை எரித்துச் சக்தியாக்க அதற்கு இந்த பி-1 வேண்டும். பச்சையாகவே தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்தால் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் தேவைக்கு மிஞ்சி நிற்கிறது. ஆக, கடல் கடந்து போன தமிழ்த் தொழிலாளியின் இருதயத்தை இந்த ஆபத்திலிருந்து காத்தது, நெல்லை அவித்துத் தின்னும் நம் ஊர்ப் பழக்கம்.

இன்னொரு உண்மை. சீனாவில் கேஷான் என்ற ஜில்லாவில் 1935ல் ஒரு இருதய நோய் கண்டறியப்பட்டது. ஏழை விவசாயிகளின் குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம் பலியானார்கள். அந்த மண்ணில் செலினியம் என்ற தாது மிகக் குறைவு. அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் குறைவு. அதை மட்டுமே தின்றவர்களின் உடம்பிலும் குறைவு. 1974ல் சிச்சுவான் மாகாணத்தில் நோய் பரவிய கிராமங்களில் குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை செலினிய உப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெறாத குழந்தைகளில் 1,000க்கு 13 பேருக்கு அந்த ஆண்டு நோய் வந்தது. பெற்ற குழந்தைகளில் 1,000க்கு 2 பேருக்கு மட்டுமே வந்தது. இரண்டு ஆண்டு பார்த்த பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது.

எனவே சத்து மாத்திரையே மோசடி என்று நாம் சொல்லவில்லை. கர்ப்பிணிக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை யாரும் தூக்கி எறிய வேண்டாம். குடியால் உடம்பு கெட்டு பி-1 வற்றி இருதயம் வீங்கியவருக்கு டாக்டர் போடும் பி-1 ஊசி உயிர் காக்கும் ஊசி. குறை எங்கே என்று கண்டுபிடித்து, அந்தக் குறையை நிரப்புவது வைத்தியம். இதில் சந்தேகமில்லை.

காரும் பட்டினியும்

இனி பொய்க்கு வருவோம்.

ரத்தக் குழாயில் படியும் கொழுப்பு, இரும்பு துருப்பிடிப்பது போலக் கெடுகிறது. ஈ வைட்டமினும் பீட்டா கரோட்டினும் அந்தத் துருவைத் தடுக்கும். ஆகவே இவற்றைத் தின்றால் மாரடைப்பு வராது. 1990 வாக்கில் இப்படி ஒரு வாதம் கிளம்பியது. அதற்குச் சான்றும் காட்டினார்கள். அமெரிக்காவில் ஈ வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறது என்றார்கள்.

இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மாத்திரையை வாங்கித் தின்றவர்கள் யார்? காசு உள்ளவர்கள், படித்தவர்கள், புகை பிடிக்காதவர்கள், காலையில் உலாவப் போகிறவர்கள், தலைவலி என்றால் உடனே டாக்டரைப் பார்க்கிறவர்கள். கார் வைத்திருப்பவன் வீட்டில் பட்டினி இல்லை. அதனால் கார்தான் பட்டினிக்கு மருந்து என்று யாராவது சொல்வார்களா? இவர்கள் சொன்னது அப்படிப்பட்ட வாதம்தான்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி உண்டு. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மாத்திரையும் மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரையும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக் கூடாது. கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. பல ஆண்டு கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நடந்தது என்ன?

2000ல் ஹோப் என்ற ஆராய்ச்சியின் முடிவு வந்தது. இருதய ஆபத்து உள்ள 9,541 பேருக்கு நாலரை ஆண்டு ஈ வைட்டமின் சோதனை. மாரடைப்பு குறையவில்லை. அவர்களில் பலரைத் தொடர்ந்து கவனித்து 2005ல் மறுபடியும் கணக்கு எடுத்தபோது, ஈ வைட்டமின் தின்றவர்களில் இருதயம் தளர்ந்து போனவர்கள் அதிகமாக இருந்தார்கள்! 2002ல் இங்கிலாந்தில் 20,536 பேர் கலந்த ஆராய்ச்சி முடிந்தது. ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து ஆண்டு கொடுத்தார்கள். மாரடைப்பில் குறைவில்லை, சாவில் குறைவில்லை. இருதயத்துக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

பீடி, சிகரெட் பிடிக்கும் தோழர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களிடம் பீட்டா கரோட்டின் சோதித்தார்கள். 1994ல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் புகை பிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்த தொழிலாளர்களையும் சேர்த்து 18,314 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. அதில் புற்றுநோய் 28 சதவீதமும் சாவு 17 சதவீதமும் கூடியது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. கேரட்டிலும் கீரையிலும் உணவாக இருக்கும்போது தீங்கு செய்யாத பொருள், பிரித்தெடுத்துக் குவித்து மாத்திரையாக்கியபோது, புகை படிந்த நுரையீரலுக்கு எமனாயிற்று.

இருதய நோயைத் தடுக்க ஈ வைட்டமினும் பீட்டா கரோட்டினும் வேண்டாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர் குழு 2022ல் மீண்டும் சொல்லிவிட்டது. குப்பிகள் கடையை விட்டு இறங்கினவா? இறங்கவில்லை.

மீன் எண்ணெய்க் கதை

இன்று சந்தையில் கொடி கட்டிப் பறப்பது ஒமேகா-3 என்கிற மீன் எண்ணெய் மாத்திரை. இதன் பூர்வோத்தரம் என்ன?

பாங், டையர்பெர்க் என்ற டென்மார்க் டாக்டர்கள் 1970 முதல் கிரீன்லாந்துக்குப் போய், மீனும் கடல் மிருகங்களும் தின்னும் எஸ்கிமோ மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த மக்களுக்கு மாரடைப்பு அபூர்வம், அதற்குக் காரணம் மீன் கொழுப்பு என்று கருதினார்கள். ஆனால் மாரடைப்பு அபூர்வம் என்பதை அவர்கள் தாங்களே கணக்கெடுத்து நிறுவவில்லை. இருந்த பதிவேடுகளை நம்பினார்கள். டாக்டரே எட்டிப் பார்க்காத பனிப் பிரதேசத்தில் எத்தனை மாரடைப்பு பதிவேட்டில் ஏறியிருக்கும்? பழைய ஆதாரங்களை எல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், அந்த மக்களுக்கும் மற்றவர்களைப் போலவே இருதய நோய் இருந்தது என்று 2014ல் எழுதினார்கள்.

1999ல் இத்தாலியில், மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில் மீன் எண்ணெய் ஓரளவு சாவைக் குறைத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்றைய மருந்துகள் அன்று அந்த நோயாளிகளில் சிலருக்கே கிடைத்தன. அந்த மருந்துகள் பரவிய பிறகு என்ன ஆயிற்று? 2018ல் இரண்டு பெரிய ஆராய்ச்சிகளின் முடிவு வந்தது. ஒன்றில் 25,871 பேர். இன்னொன்றில் சர்க்கரை நோய் உள்ள 15,480 பேர். கடையில் விற்பது போன்ற தினம் ஒரு கிராம் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் நிச்சயமான லாபம் எதுவும் இல்லை.

விலக்கு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு கூடியவர்களுக்கு, மீன் எண்ணெயிலிருந்து சுத்தமாகப் பிரித்த ஒரு பொருளை தினம் 4 கிராம், டாக்டர் சீட்டின் பேரில் கொடுத்ததில் பலன் தெரிந்ததாக 2018ல் ஒரு ஆராய்ச்சி சொன்னது. அதற்கு எதிராக மற்றொரு ஆராய்ச்சி, வேறு வகைத் தயாரிப்பை அதே 4 கிராம் கொடுத்துப் பலனில்லை என்று 2020ல் நின்றுபோனது. நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். ஆனால் அந்த மருந்தின் பெயரைக் காட்டி இந்தக் கடைக் குப்பியை விற்பது, ரயில் என்ஜினைக் காட்டி ராட்டினத்துக்கு டிக்கெட் விற்பது போன்றது.

"கெடுதல் இல்லையே!"

எல்லாம் சொன்ன பிறகு குப்பி வியாபாரிக்கு ஒரு கடைசி வாதம் மிஞ்சும்: "நல்லது செய்யாவிட்டால் போகட்டும்; கெடுதல் இல்லையே!"

இருக்கிறது. முதலாவது, உடம்புக்கு. 7 மீன் எண்ணெய் ஆராய்ச்சிகளில் கலந்த 81,210 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2021ல் வெளியிட்டார்கள். மாத்திரை தின்றவர்களுக்கு இருதயம் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு 25 சதவீதம் அதிகம். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. தாளம் தப்பிய இருதயத்தில் ரத்தம் உறைந்து, அது மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இருதயத்தைக் காக்கத் தின்றது இருதயத்தையே தடுமாற வைக்கிறது!

இரண்டாவது, வயிற்றுக்கு. ஒரு குப்பிக்குக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பத்துக்குச் சில வாரப் பருப்பு வாங்கலாம். குப்பி வாங்கும் வீட்டில் பருப்பு குறைகிறது. சத்து மாத்திரை வாங்கச் சத்துணவை விற்கும் கூத்து இது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். ரத்தக் கொதிப்பு உள்ளவர், "இயற்கையான சத்து இருக்கும்போது இங்கிலீஷ் மாத்திரை எதற்கு?" என்ற பேச்சை நம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. குப்பி வேலை செய்கிறது என்று நம்புகிறார். ரத்தக் கொதிப்பு சத்தம் போட்டுக்கொண்டு வரும் நோயல்ல. ஒரு நாள் காலையில் வாய் கோணுகிறது, கை விழுகிறது. தறி ஓட்டிய கை, நாற்று நட்ட கை. அந்தக் குடும்பத்தின் கதி என்ன? குப்பி விற்றவன் வந்து பார்ப்பானா?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். இருதய நோயையும் ரத்தக் கொதிப்பையும் தீர்ப்போம், தடுப்போம் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954ம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதனால் வியாபாரி சாமர்த்தியமாக வேறு சட்டை மாட்டிக்கொண்டான். "இது மருந்தல்ல, உணவு" என்கிறான். மருந்து என்றால் பலனை முதலில் நிரூபிக்க வேண்டும். உணவு என்றால் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவில் 1994ல் போட்ட சட்டமும் இதே வாசலைத்தான் அகலத் திறந்துவிட்டது. இங்கே 2016ம் ஆண்டு விதிகளின்படி, இப்படிப்பட்ட குப்பிகளின் மேல் "மருந்தாகப் பயன்படுத்த அல்ல" என்று அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள், ஆங்கிலத்தில்! இருதயப் படமோ எல்லா பாஷையிலும் பேசுகிறது. "இருதய நோயைத் தடுக்கும்" என்று எழுத மாட்டான். "இருதய நலத்துக்குத் துணை" என்று எழுதுவான். சட்டத்துக்கு ஒரு முகம். சந்தைக்கு ஒரு முகம்.

குற்றம் யாருடையது?

இன்னொரு வாதமும் உண்டு. இது படித்த கனவான்களின் வாதம். "தொழிலாளிக்குச் சாப்பிடத் தெரியவில்லை. பழம் தின்பதில்லை, காய்கறி தின்பதில்லை, சோற்றை மட்டும் அள்ளிப் போட்டுக்கொள்கிறான். அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்கிறார்கள்.

பதில் சொல்வோம். 18 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2016ல் வெளிவந்தது. ஒரு ஆள் தினம் இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காய்கறியும் சாப்பிட என்ன செலவாகும் என்று அதில் கணக்கெடுத்தார்கள். பணக்கார நாட்டில் அது குடும்ப வருமானத்தில் 2 சதவீதம். இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளின் பட்டியலிலோ 52 சதவீதம்! ஒரே ஒரு ஆளுக்கு! மனைவிக்கும் பிள்ளைக்கும் எதை விற்று வாங்குவது? குறைவது புத்தியா, கூலியா? கனவான்களே பதில் சொல்லட்டும்.

நம் சட்டியில் விழும் கொழுப்பைத் தீர்மானித்தது யார்? எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய் போல இறுக வைத்ததுதான் வனஸ்பதி. அப்படிச் செய்யும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்கி, ரத்தக் குழாயை அடைப்பதில் இதற்கு நிகரான கொழுப்பு வேறில்லை. மலிவு, கெடாது, முதலாளிக்கு லாபம். ஆகவே பேக்கரி பிஸ்கட்டிலும் பப்ஸிலும் டீக்கடைப் பலகாரத்திலும் அது புகுந்தது. டென்மார்க் 2003லேயே கொழுப்பில் 100க்கு 2 பங்குக்கு மேல் இது கூடாது என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் அந்த அளவு வந்தது 2022 ஜனவரியில். இடையில் ஓடியது 19 ஆண்டு. அந்த 19 ஆண்டும் டீக்கடையில் பசியாறியவன் எந்தக் குப்பியை வாங்கித் தன்னைக் காத்துக்கொண்டிருக்க முடியும்? இந்தத் தீங்குக்குச் சட்டம்தான் மருந்து.

உப்பைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா? வேண்டும். ஆனால் காய்கறிக்குக் காசில்லாத வீட்டில் கஞ்சிக்கு ஊறுகாய், சோற்றுக்குக் கருவாடு, அப்பளம், உப்பு மிளகாய் என்று வியர்வையில் போனதற்கு மேலேயே சேர்ந்துவிடுகிறது. உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு கூடும்.

இதற்கு ஒரு வழியைச் சீனக் கிராமங்கள் காட்டின. 600 கிராமங்களில் 20,995 பேர். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்தக் கொதிப்புள்ள வயதானவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிப் பாதியில் முக்கால் பங்கு வழக்கமான உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த உப்பு. சுமார் ஐந்து ஆண்டு. 2021ல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, சாவு 12 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த குப்பி செய்யாததை அடுப்படி உப்பு செய்தது! உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைச் சிபாரிசு செய்துள்ளது. ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், அதற்கான மருந்தோ சில வகை ரத்தக் கொதிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது, குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது பயன்படும். தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் உப்புக் கழகமே 2014ல் சோடியம் குறைந்த உப்பு ஒன்றை வெளியிட்டது. செய்யத் தெரியாத காரியமல்ல. செய்ய வைக்க வேண்டிய காரியம்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! குப்பியைக் கீழே வைத்துவிட்டு எதைக் கையில் எடுப்பது?

வீட்டில் செய்யக் கூடியதை முதலில் சொல்லுவோம். 30 வயது கடந்த ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வந்தால் கையை நீட்டுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலையை விடுங்கள். அதை விட்டால் கிடைக்கும் லாபத்துக்கு ஈடான சத்து எந்தக் குப்பியிலும் இல்லை. ஒமேகா-3 வேண்டுமென்றால் மலிவான மத்தி மீனில் தாராளமாக இருக்கிறது. குழம்பு வைத்துத் தின்னுங்கள். வரப்புக் கீரையும் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும் பயறும் கேவலமான தீனி அல்ல. மார் இறுகி, வியர்த்து, இடது கை வலித்தால் வாயு என்று சும்மா இருக்காமல் 108க்குச் சொல்லுங்கள்.

ஆனால் வீட்டில் செய்வதோடு நின்றால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி ஒன்றாகச் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். என்ன கேட்பது?

ரேஷன் கடையில் அரிசியோடு பருப்பும் பயறும் சிறுதானியமும் குறைவின்றி, மாதாமாதம் கிடைக்க வேண்டும். பாமாயிலில் பத்தில் நாலு பங்குக்கு மேல் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகைக் கொழுப்பு. கடலை எண்ணெயில் ஏறக்குறைய இரண்டு பங்குதான். நம் மானாவாரி விவசாயி விளைவிக்கும் கடலையின் எண்ணெயை ரேஷனில் கொடுத்தால், விளைவித்தவன் வயிறும் நிறையும். தின்றவன் இருதயமும் தப்பும். ஆலைக் கேன்டீனில் எந்த எண்ணெய், எத்தனை முறை காய்ச்சியது, எவ்வளவு உப்பு என்று பார்க்கத் தொழிலாளர் பிரதிநிதிக்கு உரிமை வேண்டும். ஷிப்டுக்கு இடையில் உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து, ரத்தக் கொதிப்புப் பரிசோதனை வேண்டும். கிராமத்து சுகாதார நிலையத்தில் மாத்திரை "ஸ்டாக் இல்லை" என்ற பேச்சே இருக்கக் கூடாது. சத்துக் குப்பிகளின் மேல் "இது மருந்தல்ல" என்று தமிழில், இருதயப் படத்தை விடப் பெரிய எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும். 1954ம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுகிற விளம்பரங்கள் மீது வழக்குப் பாய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காய்கறி வாங்கக் கூடிய கூலி வேண்டும். சத்துக் குறைவுக்குச் சத்துத்தான் மருந்து என்றால், கூலிக் குறைவுக்குக் கூலிதான் மருந்து. அந்தக் குறையை மறைத்து வைத்துவிட்டு மாத்திரையை நீட்டுகிறவன், வேலிக்கு ஓணானைச் சாட்சி வைக்கிறவன்.

அடுத்த முறை ஆலை வாசலில் அந்தக் குப்பியை யாராவது நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் உடம்பில் எந்தச் சத்து குறைவு என்று எந்த டாக்டர் பார்த்துச் சொன்னார்?" பதில் வராது. குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் தோழரையும் கூட்டிக்கொண்டு, ரத்தக் கொதிப்புப் பார்க்கப் போங்கள்.